ஜெர்மன் போர்வை

பிளாரன்ஸ் அக்காவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். மூன்று வருஷம் கழித்து இப்போது பேனாவை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சொல்லப் போகிறேனாம். வெட்கம் கெட்டவன் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.

அக்கா புன்னைக்காயலில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் ஜேசுபாதம் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர். வீட்டின் முன்னறையில் ஒரு கால்மிஷின், ஒரு பெஞ்சு, சுவரில் மாதா படம். கோயிலில் முதல் தடவையாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு, சாமியாருக்கு அங்கி, ஊரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் எல்லாம் அந்த அறையிலிருந்துதான் போகும். டாக்டர் நயினார் வீட்டு அம்மாள்கூட காரில் வந்து இறங்கி அங்கேதான் துணி கொடுப்பார். அக்காவின் கழுத்தில் அளவு நாடா கிடக்கும், ஆனால் அதைத் தொட மாட்டார். ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். நான் முதல் தடவை சட்டை தைக்கப் போனபோது, "ஒங்களுக்கு எடது தோளு கொஞ்சம் எறக்கம் சார், ஆபீஸ்ல சாஞ்சு ஒக்காருவீங்களோ?" என்று கேட்டார். ஊசியில் நூல் கோப்பதற்கென்று அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே இருப்பார், பார்த்தால் நூல் ஏறியிருக்கும். முன்கோபமும் உண்டு. நாளைக்கே வேண்டும் என்று வந்து நிற்கிறவர்களைத் துணியோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் தேவபிரசாதம். நாசரேத்துக்காரன், ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. எனக்கு மலை ஏறுகிற கிறுக்கு. தூத்துக்குடியில் உப்புக் குவியலைவிட உயரமான இடம் கிடையாது, அங்கே போய் மலைக்கிறுக்கு! ஆனாலும் என்னைப் போல இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். டாக்டர் நயினார்தான் எங்கள் சங்கத்துக்குத் தலைவர். அப்புறம் இரண்டு காலேஜ் புரொபசர்கள், ஒரு வக்கீல், ஒரு பாங்க் ஏஜென்ட், ஒரு இன்ஜினீயர், ஒரு எஸ்டேட் முதலாளி. கடைசியில் நான். எல்லாரும் என்னை அன்பாகத்தான் நடத்தினார்கள். கூடாரம் கட்டவும் கணக்காக அரிசி அளந்து போடவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மலையில் எங்களுக்கு எமன் குளிர் அல்ல, ஸ்லீப்பிங் பேக். மிலிட்டரி கழித்துப்போட்ட கான்வாஸ் பை, உள்ளே பஞ்சு. ஒன்று நாலு கிலோ. பனியில் நனைந்தால் இன்னும் ஒரு கிலோ கூடும். பாதி வழியில் முதுகு முறிந்துவிடும். எழுபத்தைந்தாம் வருஷம் மே மாதம் கொடைக்கானலுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்தேன். அவனிடம் ஸ்லீப்பிங் பேக்கே இல்லை. ஒரு பாய், மேலே இறகு அடைத்த ஒரு போர்வை, அவ்வளவுதான். அதைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெரிய வேதாகமம் அதைவிடக் கனம். "கீழே கிடக்கும் இறகு நம்முடைய பாரத்தில் நசுங்கிவிடும், நசுங்கினது சூடு தராது. சூடு தராததை எதற்குச் சுமக்க வேண்டும்?" என்று கேட்டான். அதனால் போர்வைக்கு அடிப்பக்கம் கிடையாது. கால்மாட்டில் மட்டும் பை மாதிரி மூடியிருந்தது. நான் அதை ஒரு சிகரெட் அட்டையில் படம் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அட்டையைப் பிளாரன்ஸ் அக்காவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன அடைக்கணும்?"

"வாத்தோட நெஞ்சுப் பூடை அக்கா. பெரிய இறகு ஆகாது. அடியில பஞ்சு மாதிரி இருக்கும்லா, அது மட்டும்."

"ஒரு வாத்துக்கு ஒரு பிடி தேறுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க கடற்கரையில கம்பளிக்கே வேலை இல்ல. இதைத் தச்சு நானே போத்திப் பாக்க முடியாது சார். வெந்து செத்துருவேன். குளுருதா இல்லியான்னு நீங்கதான் போய்ப் பாத்துச் சொல்லணும்" என்றார். எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அப்புறம் ஆறு மாதம் அந்த வீட்டில் நடந்ததை நான் பார்த்தேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் பக்கம் போவார். அங்கே வயலில் வாத்து மேய்க்கிறவர்களிடமும் கறிக்கடையிலும் சொல்லிவைத்துப் பூடையைச் சாக்கில் கட்டி வருவார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, கொசுவலைக்குள் பரப்பி வெயிலில் காய வைப்பார். தூத்துக்குடிக் காற்று உங்களுக்குத் தெரியும். வலை இல்லாவிட்டால் பூடை முழுவதும் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். துணிக்கு, குடைக்குப் போடுகிற நைலான். அதில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார், மூச்சு அந்தப் பக்கம் போனது. இஸ்திரிப் பெட்டியை மெதுவான சூட்டில் அழுத்தி ஓட்டினார், இழை நெருங்கியது. திரும்ப ஊதினார். "இப்ப போவல" என்று சின்னப் பிள்ளை மாதிரி என்னிடம் நீட்டினார்.

முதலில் மெத்தை தைக்கிற மாதிரி மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்துத் தையல் ஓட்டினார். பாதியில் நிறுத்தி அத்தனையையும் பிரித்துப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"தையல் ஓடுன எடத்துல பூடை இல்லல்லா சார்? அந்தக் கோடு வழியா குளுரு உள்ள வந்துராதா? ரெண்டு துணிக்கும் நடுவுல சொவரு வைக்கணும்." கொசுவலையை ரிப்பன் ரிப்பனாக நறுக்கி உள்ளே சுவர் வைத்தார். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் போட்டுக் கொடுத்த படத்திலும் அது இல்லை. குளிர் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர், அது எந்த வழியாக வரும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

பூடையை அடைப்பதற்கு ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்த வேண்டும். ஃபேன் போடக் கூடாது. நாலு பகல், கொசுவலைக்குள் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, வேர்வை ஒழுக ஒழுக உட்கார்ந்து, அறை அறையாகத் தராசில் நிறுத்து அடைத்தார். ஜேசுபாதம் வாசலில் நின்று, "எம் பொண்டாட்டி அடை காக்கா சார், என்ன குஞ்சு பொரிக்கப் போவுதோ!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். தையல் ஓட்டைகளில் மெழுகுதிரித் துண்டைத் தேய்த்து அடைத்தார். கால்மாட்டுக்குப் பொத்தான் வைத்தார். கடைசியில் நிறுத்தபோது ஒண்ணேகால் கிலோ. கையால் அமுக்கினால் ஒரு தலையணை உறைக்குள் அடங்கியது. விட்டால் மாவு புளிக்கிற மாதிரி பொங்கி எழுந்தது.

அன்றைக்குத்தான் அக்கா மனசில் இருந்ததைச் சொன்னார். அவருடைய தங்கை மிக்கேலம்மாள் உப்பளத்தில் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வயசு, பாதம் இரண்டும் வெடித்துக் கிடக்கும், கண் எப்போதும் சிவந்திருக்கும். "ஜாக்கெட்டு தைக்க நான் ஒருத்தி போதும் சார். இந்த மாதிரி வேலை நாலு வந்துச்சுன்னா இன்னொரு மிஷினைப் போட்டு அவளை இங்கன ஒக்கார வச்சிருவேன். ஒங்க கூட்டத்துல பெரிய ஆளுங்கள்லாம் இருக்காங்கன்னு சொன்னீங்கள்லா? பிடிச்சிருந்தா எம் பேரைச் சொல்லுங்க. அது போதும்."

"சொல்லாம இருப்பனா அக்கா?" என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

டிசம்பர் கடைசியில் பழனி மலைக்கு மேலே கூடாரம் போட்டோம். சாயங்காலமே கைவிரல் விறைத்துப் போகிற குளிர். எல்லாரும் கான்வாஸ் மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நான் தலையணை உறையிலிருந்து போர்வையை உருவினேன். அது பொங்கி விரிந்ததைப் பார்த்து எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றிக் கூடினார்கள். எஸ்டேட் முதலாளிகூட கையை உள்ளே விட்டுப் பார்த்தார். டாக்டர் நயினார் அதை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன வே தேவபிரசாதம்! இது எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

கேள்வியிலேயே கப்பல் இருந்தது. வாயைத் திறந்து, கப்பல் இல்லை சார், பனிமயமாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு அக்கா தைத்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஏழு பேரும் என்னை அப்படி வளைத்து நின்று பார்த்தது அதுவரை நடந்ததில்லை. டாக்டருக்குப் படிப்பு இருந்தது, வக்கீலுக்கு வீடு வாசல் இருந்தது. என்னிடம் இருந்தது கப்பல் ஒன்றுதான். தூத்துக்குடியில் கப்பல் சாமான் என்றால் சோப்புக்கட்டியைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள்.

"ஜெர்மன் கப்பல் சார். அதுல சாப்பாடு பாக்குற ஸ்டூவர்ட் ஒருத்தன் பழக்கம்" என்றேன்.

"அதானே பாத்தேன்! ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்!" அன்று முதல் என்னை அரிசி அளக்க யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக் கப்பல் கதை கேட்டார்கள். நானும் அளந்தேன், அரிசிக்குப் பதிலாகக் கதை. எல்லாரும் குளிரில் புரண்டார்கள், எனக்கு நன்றாக வேர்த்தது. போர்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஊருக்கு வந்ததும் பிளாரன்ஸ் அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "குளுரு தாங்குச்சா சார்? பெரியவங்க என்ன சொன்னாங்க?"

இதுதான் எனக்கு இன்றும் நெஞ்சை அறுக்கிறது. முதல் பொய்யையாவது ஆசையில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. "தாங்குச்சு அக்கா. ஆனா... அவங்களுக்கு அவ்வளவா பிடிக்கல" என்றேன்.

அவர் முகம் சுருங்கவில்லை. உடனே தொழில் பேச்சுக்குப் போய்விட்டார். "எங்கன குளுந்துச்சு?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கழுத்துகிட்ட" என்றேன்.

"ஆமா, அங்கன நான் யோசிக்காம விட்டுட்டேன். தப்பு எம் மேலதான்." இல்லாத குறைக்கு அவர் மன்னிப்புக் கேட்டார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டாவது போர்வைக்கென்று அவராகவே சேர்த்துவைத்திருந்த பூடையில் கொஞ்சம் எடுத்து, கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை வைத்துக் கொடுத்தார். உண்மையிலேயே அது முன்னைவிட நன்றாகிவிட்டது. அடுத்த மாதம் மலையில் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார். கப்பல் திரும்ப வந்தது, ஸ்டூவர்ட் மாற்றிக் கொடுத்தான் என்றேன். பொய் சொல்லிப் பழகிவிட்டால் வாய் யோசனைக்குக் காத்திருப்பதில்லை.

அந்தப் பயணத்தில்தான் முள் இழுத்துப் போர்வை ஒரு சாண் நீளம் கிழிந்தது. பூடை பறந்தது. என்னைவிட டாக்டர்தான் பதறினார். ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் அவர் கார் வந்து நின்றது.

"போர்வையை எடும். எங்க வீட்டுக்காரிக்கு ஜாக்கெட் தைக்கிறவ ஒருத்தி இருக்கா, நல்ல கை. அவகிட்டப் போவோம்."

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. காரில் ஏறினேன். எந்தத் தெரு என்று நான் கேட்கவும் இல்லை.

பிளாரன்ஸ் அக்கா பூசை கண்டு வந்து அப்போதுதான் சேலை மாற்றியிருந்தார். டாக்டரைப் பார்த்துப் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். மிக்கேலம்மாளும் அன்று வீட்டில் இருந்தாள், கதவோரம் நின்றாள்.

டாக்டர் போர்வையை மேசையில் விரித்தார். "பாத்துத் தொடணும். இது ஜெர்மன் சாமான். சார் கப்பல்லேர்ந்து வாங்குனது. நம்ம ஊரு தையல் இல்ல இது."

மிக்கேலம்மாள் அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா கிழிசலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஊசியை எடுத்தார். நூலைக் கோத்தார். உருவினார். மறுபடியும் கோத்தார். திரும்பவும் உருவி, நுனியை ஈரப்படுத்தி, வெளிச்சத்தில் பிடித்து, மூன்றாவது தடவை கோத்தார். டாக்டர், "கண்ணு மங்குதோ? ஆசுபத்திரிக்கு வா, கண்ணாடி எழுதித் தாரேன்" என்றார். அக்கா கண்ணுக்கு ஒரு குறைச்சலும் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தையல் முடிகிற நேரத்தில் டாக்டர் கேட்டார்: "மே மாசம் நாங்க இமயமலைக்குப் போறோம். காலேஜ் பையன்களும் வாரான்க. இதே மாதிரி பன்னிரண்டு வேணும். கப்பல்ல அத்தனை கிடைக்காதாம். இதைப் பாத்து ஒன்னால தைக்க முடியுமா?"

பன்னிரண்டு. ஒரு வருஷத்து வரும்படி. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இரண்டு மாதமாக நான் அளந்த கதை அத்தனையும் அந்த மேசையில் கிடந்து நாறும், அவ்வளவுதானே? அந்த நாற்றத்துக்குப் பயந்துகொண்டு நான் பேசாமல் நின்றேன்.

"முடியாது சார்" என்றார் அக்கா. "இதெல்லாம் வெளிநாட்டு வேலை. எனக்கு வராது."

காரில் திரும்பும்போது டாக்டர் பெருமூச்சு விட்டார். "பாத்தீரா வே, ஜாக்கெட் தைக்கச் சொன்னா தைப்பாங்க. இதுக்கெல்லாம் வேற மூளை வேணும்." அந்த வாரமே பன்னிரண்டு ஸ்லீப்பிங் பேக் கேட்டு டெல்லிக்கு எழுதிவிட்டார்.

எனக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் துணிந்து டாக்டர் வீட்டுக்குப் போனேன். ஜெர்மன் கப்பலும் இல்லை, ஸ்டூவர்ட்டும் இல்லை, நான் சொன்னது அத்தனையும் பொய், தைத்தது பிளாரன்ஸ் அக்கா என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"ஓம்ம மனசு யாருக்கும் வராது வே. அந்தத் தங்கச்சிப் புள்ளையை அன்னைக்கு நானும் பாத்தேன், காலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. பாவம். ஒத்தாசை பண்ணணும்னு ஒமக்குத் தோணுது, அதுக்காக இப்படி ஒரு கதை சொல்லுதீரு. ஆனா அவளே தன் வாயால வராதுன்னு சொன்னாளே, நான் கேட்டேன்லா?" நான் திரும்பத் திரும்பச் சத்தியம் பண்ணினேன். சொல்லச் சொல்ல அவர் பார்வையில் என் மேல் மரியாதைதான் கூடியது. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என் இரக்க குணத்தைப் பற்றிப் பேசினார். கை தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொல்லி அழுதேன். ஆம், முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, அழத்தான் செய்தேன். "நீங்க ஒரு தடவை வந்து டாக்டர்கிட்டச் சொல்லுங்க அக்கா. ஒண்ணு தச்சுக் காட்டினாலும் போதும், நம்பிருவாரு."

மிஷின் நின்றது.

"முதல்ல தச்சது நான்தான்னு காட்டுறதுக்கு, ரெண்டாவது ஒண்ணு தைக்கணுமா சார்?"

மிஷினில் இருந்த துணியை அக்கா எடுத்து மடித்தார்.

"பூடையெல்லாம் தலைகாணியில அடைச்சிட்டேன். மிக்கேலு தலைக்கு வச்சுப் படுக்கா. அதை விடுங்க. டாக்டர்கிட்டப் போயி நான் என்னன்னு சொல்ல? அன்னைக்கு இந்த ரூமுக்குள்ள நீங்க பொய் சொல்லல. நீங்க வாயே தெறக்கல. வராதுன்னு வாயால சொன்னது நான். இப்பப் போயி மாத்திச் சொன்னா, டாக்டர் வீட்டம்மாவுக்கு, இந்த ஊருக்கு, பொய்க்காரி நான்தான். அப்புறம் ஜாக்கெட்டுத் துணியை நம்பிக் குடுப்பாங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சட்டைக்கு அளவு சொல்கிற மாதிரி சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அன்று அந்த அறையில் பொய் பேசியது பிளாரன்ஸ் அக்கா ஒருவர்தான். அதை எனக்காகப் பேசினார்.